அரை நூல் இடைவெளி: மார்த்தாண்டம் தேன்பெட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தை மாதம் கடைசி வாரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் களியலுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். பழைய இலையெல்லாம் உதிர்ந்து, செம்பு நிறத்தில் புதுத் தளிர் விட்டிருந்தது. எங்கள் பட்டறையில் செய்து கொடுத்த எட்டுப் புதுத் தேன்பெட்டிகளை அன்றுதான் முதல் தேனுக்குத் திறந்தோம்.

தேன்காரர் முதல் பெட்டியின் மேல் அறையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. சின்னத் தகடு ஒன்றை மூலையில் செருகி நெம்பினார். மெழுகு விடுபடும் சத்தத்தோடு அறை எழுந்தது. கூடவே, தேனீ அடை கட்டுவதற்காகக் கீழ் அறையில் தொங்கவிட்ட மரச் சட்டங்கள் மூன்று ஒட்டிக்கொண்டு வந்தன. நடுவில் தேனீக்கள் நசுங்கிக் கிடந்தன. ஓர் அடை பாதியில் பிய்ந்து, வெள்ளைப் புழுக்கள் அடிப்பலகையில் கொட்டின. கூட்டம் கலைந்து எங்கள் முகத்தைச் சுற்றியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூடியை வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். எட்டில் ஆறு பெட்டிகள் அப்படித்தான் இருந்தன. பத்தடி தள்ளி அவருடைய பழைய பெட்டிகள் நின்றன. அவற்றின் மேல் அறை, சோற்றுப் பானையின் மூடியைத் தூக்குவதுபோல் எழுந்து வந்தது.

புதுப் பெட்டிகளின் அளவு ஓர் ஆய்வேட்டிலிருந்து எடுத்தது. ஐப்பசியில் பட்டறையை விட்டு அனுப்பும்போது ஒவ்வொன்றிலும் சட்டங்களைச் சுற்றி விட்ட இடைவெளியை நானே வெர்னியர் வைத்து அளந்தேன். 8 மில்லிமீட்டர், பிசகில்லாமல். அது எப்படித் தவறியது, பிறகு யார் யார் சேர்ந்து அதைச் சரிசெய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். வடிவமைப்பு படித்துக்கொண்டிருக்கிறவர்களும், படித்து முடித்துப் பட்டறை நடத்துகிறவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சந்தில் இருக்கிறது உயிர்

தேன்பெட்டி பார்க்கச் சாதாரண மரப்பெட்டி. அதன் உயிர், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே விடுகிற சந்தில் இருக்கிறது. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் இதைக் கண்டுகொண்டார். மூடிக்கும் சட்டங்களுக்கும் நடுவில் ஓர் அங்குலத்தை எட்டாக்கி அதில் மூன்று பங்கு விட்டால், தேனீக்கள் அந்த இடத்தை அடைக்காமல் தங்கள் நடைபாதையாக வைத்துக்கொண்டன. அதே சந்தைச் சட்டத்தின் எல்லாப் பக்கமும் விட்டுப் பார்த்தார். அடையை அறுக்காமல் கழற்றி மாட்டும் சட்டம் அப்படித்தான் வந்தது. சந்து கூடினால் தேனீ அதில் குறுக்கு அடை கட்டிவிடும். குறைந்தால் மெழுகாலோ பிசினாலோ பூசி அடைத்துவிடும். லாங்ஸ்ட்ராத் இதைக் கண்டது எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. அவர் தேனீ வளர்த்தவர், பெட்டியை நாள்தோறும் திறந்து மூடியவர்.

அவர் அளந்தது ஐரோப்பியத் தேனீயை. நம் ஊர் அடுக்குத் தேனீ அதைவிடச் சிறியது, கூட்டமும் சிறியது. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பைக் கற்பித்த நியூட்டன் பாதிரியார், நம் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். இன்றும் மார்த்தாண்டம் பக்கத்தில் அதை நியூட்டன் பெட்டி என்றே சொல்கிறோம். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக வீடுவீடாகக் கொண்டுபோனார். அப்போது இது திருவிதாங்கூர். ஆக, நம் மாவட்டத்துத் தேன்பெட்டியே ஒரு கண்டுபிடிப்பு பல கைகள் மாறி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் செதுக்கப்பட்டு வந்த பொருள்தான். 1991இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து கூட்டங்களைப் பெருவாரியாக அழித்தது. பெட்டியை வெயிலில் அடுக்கிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் உண்டு. திரும்ப வந்தார்கள், தொழிலும் திரும்பியது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். இங்கே தேனின் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் இலையில் மூன்று சிற்றிலைகள் கூடுகிற காம்பு நுனியில், தளிராக இருக்கும்போது இனிப்பு நீர் சுரக்கும். தேனீ அதைத்தான் எடுக்கிறது. அதனால் தேன் வரும் காலம் தை, மாசி, பங்குனி. பெட்டி செய்யும் காலம் அதற்கு முன்னால், மழை பெய்துகொண்டிருக்கும் புரட்டாசி, ஐப்பசி. இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில்தான் எங்கள் தவறு நடந்தது.

ஆய்வேடு வந்த வழி

வெளி மாவட்டத்து வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் முதுகலை படித்த ஒரு மாணவி, தன் இறுதித் திட்டத்துக்காக இங்கே வந்து தங்கினார். தேன்பெட்டியைத் தூக்கிச் சுமப்பதில் உள்ள முதுகு வலியும் கை வலியும்தான் அவர் எடுத்துக்கொண்ட பொருள். நல்ல பொருள். தேன்காரர்கள் ராத்திரியில், தேனீ அடைந்த பிறகு, வாசலை அடைத்து, கயிறு கட்டி, பெட்டிகளை மினி லாரியில் ஏற்றி மலையோரத் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் கொண்டுபோவார்கள். சரிவில் சுமப்பது, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இறக்குவது எல்லாவற்றையும் கூடவே போய்ப் பார்த்தார். ஒவ்வொரு தூக்கலையும் படம் எடுத்து, இடுப்பு எத்தனை பாகை வளைகிறது என்று குறித்தார். அவர் வடிவமைத்த கைப்பிடி, பெட்டியின் நீளப் பக்கத்தில் சாய்வாகக் குடைந்த ஒரு பள்ளம். நான்கு விரலும் உள்ளே போய் அமரும். தேன்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்காகத்தான் எட்டுப் பெட்டிகளை எங்களிடம் சொன்னார்.

ஆய்வேட்டின் பின்பகுதியில் பெட்டியின் முழு வரைபடம் இருந்தது. சந்து எல்லாப் பக்கமும் 8 மி.மீ. நம் தேனீக்குச் சரியான அளவுதான். மாணவி அந்த அளவில் கல்லூரிப் பட்டறையில் மாதிரிப் பெட்டி செய்து, கூட்டம் விட்டுப் பார்த்தும் இருந்தார். சட்டங்கள் சுத்தமாக எழுந்ததாக எழுதியிருந்தார். அது உண்மை. நானே பின்னால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

எங்கள் பட்டறையில் மூத்தாசாரி வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். எழுபதை நெருங்குகிறவர். அங்குலமும் நூலும்தான் அவர் கணக்கு. ஓர் அங்குலம் எட்டு நூல்.

“எட்டு மில்லின்னா எவ்வளவு?”

“ரெண்டரை நூல் வரும், மூத்தாசாரி.”

“மூணு நூலு விடணும் மக்களே.”

“ஆராய்ச்சி பண்ணி எடுத்த அளவு இது.”

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். “அப்பம் சரி. நீங்க சொன்னபடி செய்யுதேன்.”

நான் அன்று மனதுக்குள் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். எட்டில் மூன்று பங்கு அங்குலம் என்றால் அச்சாக மூன்று நூல். லாங்ஸ்ட்ராத்தின் ஐரோப்பிய அளவு எப்படியோ கடல் தாண்டி வந்து, ஆசாரிமார் கையில் ‘மூணு நூல்’ என்று தங்கிவிட்டது, நம் தேனீக்கு அது கூடுதல், ஆய்வு வந்து அதைத் திருத்துகிறது என்று நினைத்தேன். கோவையாக இருந்தது. யாரிடம் சொன்னாலும் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் ஏன் மூன்று என்று அவரிடம் நான் கேட்கவில்லை. ஐந்து நிமிட வேலை அது.

தையில் அளந்தது

தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று மாலையே ஒரு பெட்டியைக் காலி செய்து பட்டறைக்குக் கொண்டுவந்தோம். கீழ்ச் சட்டத்தின் தலைக்கும் மேல்ச் சட்டத்தின் அடிக்கும் நடுவில் அளந்தேன். ஐந்தரை மி.மீ. இரண்டு இடங்களில் அதற்கும் கீழே. ஐப்பசியில் எட்டாக இருந்த சந்து அது.

மூத்தாசாரியிடம் அப்போதுதான் கேட்டேன்.

“ஐப்பசி மரம் தண்ணி குடிச்ச மரம். தையில காத்து அடிச்சா அது ஒடுங்கும். அந்த அரை நூலு மரத்துக்கு விட்டது, தேனீக்கு விட்டது இல்ல.”

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. மரம் உலரும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். பெட்டியின் சுவர்ப் பலகைகள் கிடையாக வைக்கப்படுகின்றன. அப்படியானால் பெட்டியின் உயரம் என்பது பலகையின் அகலம். உலர்ந்தால் உயரம் குறையும். உள்ளே தொங்கும் சட்டத்தின் பக்கக் குச்சிகளோ நெட்டையாக நிற்கின்றன. அவற்றின் உயரம் மரத்தின் நீளம்; அது குறையாது. சட்டம் அறையின் மேல் விளிம்பில் தொங்குகிறது. ஆக, சுவர் சுருங்கச் சுருங்க, சட்டத்தின் அடி கீழே உள்ள அறையின் சட்டத்தை நோக்கி இறங்குகிறது. நாங்கள் வாங்கியது மில்லில் அறுத்த ஈரம் காயாத அயினிப் பலகை. மூன்று மாதத்தில் சந்தில் இரண்டு மி.மீ.க்கு மேல் போய்விட்டது. மூத்தாசாரி சொன்னபடி மூன்று நூல், அதாவது ஒன்பதரை மி.மீ. விட்டிருந்தால், தேன் காலத்தில் அது ஏழு, ஏழேகாலில் வந்து நின்றிருக்கும். பழைய பெட்டிகளை அளந்தேன். அப்படித்தான் நின்றது.

அப்புறம், கல்லூரியில் செய்த மாதிரி ஏன் சரியாக இருந்தது? மாணவியைத் தொலைபேசியில் கேட்டேன். பிளைவுட் என்றார். பிளைவுட்டில் ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அது சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஐப்பசி, தை இரண்டும் அதற்கு ஒன்று. இங்கே யாரும் பிளைவுட்டில் தேன்பெட்டி செய்வதில்லை. இரண்டு பருவமழையிலும் வெட்டவெளியில் நிற்கும் பெட்டிக்கு ஓரம் ஊறி ஏடு பிரிந்துவிடும். 8 மி.மீ. என்ற எண் பிழையற்றது. அது தேன் காலத்தில் இருக்க வேண்டிய சந்து. மூன்று நூல் என்ற எண்ணும் பிழையற்றது. அது மழைக்காலத்தில் ஈர மரத்தில் விட வேண்டிய சந்து. இரண்டும் வேறு வேறு நாளைப் பற்றிப் பேசுகின்றன. எந்த நாள், எந்த மரம் என்பதை ஆய்வேடும் எழுதவில்லை, மூத்தாசாரியும் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் ‘ஆசாரி சொன்னதே சரி’ என்று நானும் எழுதியிருப்பேன். முடியவில்லை. பங்குனியில் வேறொரு பட்டறையின் பெட்டிகளைப் பார்க்க நேர்ந்தது. அங்கே மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். பச்சை ரப்பர் மரத்தில் வண்டு விழும், பூஞ்சை பிடித்து நீலம் பாரிக்கும். அதனால் மில்லிலேயே போரான் மருந்து ஏற்றி, சூடான அறையில் வைத்து உலர்த்தித் தருகிறார்கள். வரும்போதே காய்ந்த பலகை. அதில் பரம்பரை அளவாக மூன்று நூல் விட்டிருந்தார்கள். சுருங்க ஒன்றுமில்லாததால் தையிலும் அது மூன்று நூலாகவே நின்றது. மேல் அறையைத் தூக்கினால் சட்டத்துக்குச் சட்டம் பாலம் போட்டதுபோல் குறுக்கு அடை, தேன் ஒழுகியது, எறும்பு. மரம் மாறியிருந்தது, அளவு மாறவில்லை.

துளியும் சூரியனும்

சித்திரையில் மூன்று பேரும் பட்டறையில் உட்கார்ந்தோம். மாணவி தன் சொந்தச் செலவில் வந்திருந்தார். ஆய்வேடு ஏற்கெனவே கல்லூரியில் கொடுத்தாகிவிட்டது. கல்லூரியிலிருந்து மரத்தின் ஈரம் அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும்.

மூத்தாசாரி கருவியைத் தொடவில்லை. ஒரு பலகையை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். “ஈரம்” என்றார். ஊசி குத்தினோம், 21. அடுத்ததைக் கன்னத்தில் வைத்து, விரல் கணுவால் தட்டிக் கேட்டார். “இது போகும்.” 13. பத்துப் பலகைக்கு மேல் இப்படிப் பார்த்தோம். ஈர மரம் கன்னத்தில் குளிரும், தட்டினால் மந்தமாகக் கேட்கும். நடுத்தரமான இரண்டு பலகைகளில் மட்டும் அவர் தயங்கினார். கருவி 16, 17 காட்டியது. அவர் தயங்கிய இடமும் எண் நடுவில் நின்ற இடமும் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

எங்கள் பட்டறைக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். 18க்கு மேல் என்றால் ஈர மரம். 14க்குக் கீழ் என்றால் காய்ந்தது. நடுவில் இருந்தால் கூரைக்கு அடியில் அடுக்கிக் காத்திருப்பது. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கலாம். பட்டறைச் சுவரில் தாள் ஒரு மழைக்குத் தாங்காது; வேலை நடுவில் யாரும் நிமிர்ந்து வாசிக்கவும் மாட்டார்கள். அதனால் ஓர் அலுமினியப் பட்டையை எடுத்து, ஒரு முனையை இரண்டரை நூல் கனத்துக்கும், மறுமுனையை மூன்று நூல் கனத்துக்கும் அரம் போட்டோம். மூன்று நூல் முனையில் ஒரு தண்ணீர்த்துளி, இரண்டரை நூல் முனையில் ஒரு சூரியன் பொறித்தோம். நடுவில் துளை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடலாம். ஈர மரம் என்றால் துளி, காய்ந்தது என்றால் சூரியன். அந்த முனையைச் சந்தில் விட்டு, இறுக்கமாகப் போனால் சரி.

நன்னூல் பாயிரத்தில் நூலுக்குச் சொல்லியிருக்கும் உவமையே தச்சனின் நூல்தான். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல, மனத்தின் கோணலை ஏட்டு நூல் தீர்க்கும் என்கிறார் பவணந்தியார். பள்ளியில் மனப்பாடம் செய்தது. அந்தப் பட்டையைக் கையில் பிடித்தபோதுதான் அது எனக்கு விளங்கியது.

அடுத்த ஐப்பசியில் பன்னிரண்டு பெட்டிகள் செய்தோம், அயினியில் பாதி, உலர்த்திய ரப்பர் மரத்தில் பாதி. தையில் திறந்தபோது பதினொன்று சுத்தமாக எழுந்தன. ஒன்றில் ஒட்டியிருந்தது, பார்த்தால் பக்கப் பலகையே வளைந்திருந்தது. அளவு வைத்து அதைத் தடுக்க முடியாது, பலகை தேர்வதில்தான் கவனம் வேண்டும்.

நடுவில் நிற்கிறவர்

வடிவமைப்புத் துறையில் இந்தப் பிளவைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். 1983இல் டொனால்டு ஷோன், ஆய்வு மேட்டு நிலத்தில் நிற்கிறது, தொழிலின் உண்மையான சிக்கல்களோ கீழே சதுப்பில் கிடக்கின்றன என்ற பொருளில் எழுதினார். 2010இல் டான் நார்மன், ஆய்வாளரும் வேண்டும், தொழில் செய்கிறவரும் வேண்டும், இரண்டு மொழியும் தெரிந்து ஒன்றை மற்றதாக மாற்றித் தரும் மூன்றாமவர் ஒருவரும் வேண்டும் என்று வாதிட்டார். இரண்டையும் நான் படித்திருந்தேன், ஐப்பசிக்கு முன்னாலேயே. அந்த மூன்றாமவர் நான்தான் என்றும் நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படித்தவன், பட்டறையில் நிற்கிறவன். ஆனால் 8 மி.மீ.யை ரெண்டரை நூலாக மாற்றிச் சொன்னதோடு என் வேலை முடிந்ததாக நினைத்துவிட்டேன். அளவை மாற்றினேன், அந்த அளவு பிறந்த மரத்தையும் மாதத்தையும் கேட்கவில்லை.

பழியை என் மேல் மட்டும் போட்டு முடிப்பதும் சரியில்லை. நாட்காட்டியே எதிராக நிற்கிறது. இறுதித் திட்டம் தொடங்குவது தையில், மதிப்பெண் போடுவது வைகாசியில். மழைக்காலத்தில் செய்த பெட்டி தேன் காலத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்த ஐந்து மாதத்துக்குள் எந்த மாணவராலும் பார்க்க முடியாது. பட்டறைக்கும் அதே கதி. எனக்குப் பணம் கிடைப்பது பெட்டிக்கு. நான்கு மாதம் கழித்துத் தோட்டத்துக்குப் போய் அளப்பதற்கு யாரும் தருவதில்லை. தேன்காரர் கூப்பிட்டதால்தான் போனேன். அவர் கூப்பிடாமல், ‘படிச்சவங்க செஞ்ச பெட்டி இப்படித்தான்’ என்று ஓரம் கட்டியிருந்தால், ஆய்வேட்டில் 8 மி.மீ. வெற்றியாகவே இருந்திருக்கும், என் கணக்கில் எட்டுப் பெட்டி விற்றதாகவே இருந்திருக்கும். இப்படி யாரும் திரும்பிப் பார்க்காமல் போன வேலைகள் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வடிவமைப்புக் கல்லூரிகள் குறைந்தபட்சம் சில திட்டங்களுக்காவது கடைசி மதிப்பெண்ணை ஒரு முழுப் பருவம் நிறுத்திவைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மாணவியின் வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர். ஈரக் கணக்கையும் பட்டையின் வரைபடத்தையும் பின்னிணைப்பாகச் சேர்க்க ஒத்துக்கொண்டார். அதில் மூத்தாசாரி சொன்னதை அவர் சொன்னபடியே, நூல் கணக்கிலேயே எழுத வேண்டும் என்று மாணவி பிடிவாதமாக நின்றார். அப்படியே அச்சாகியிருக்கிறது.

கைப்பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை அமளியில் அது மறந்துபோகக் கூடாது. சாய்வாகக் குடைந்த அந்தப் பள்ளத்தை இப்போது பக்கத்துப் பட்டறைகளும் போடுகின்றன. யாருடைய வடிவம் என்று அவர்களுக்குத் தெரியாது. மாணவியிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

இந்த ஐப்பசிக்குப் பலாப் பலகை கொஞ்சம் வந்திருக்கிறது. அயினிக்கும் ரப்பருக்கும் வைத்த கணக்கு பலாவுக்குச் சரிவருமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். நேற்றுக் காலை நான் பட்டறைக்குப் போனபோது மூத்தாசாரி பலாவில் ஒரு சாண் துண்டை வெட்டி, இழைப்புளி போட்டு, அதன் அகலத்தை நூலிலும் மில்லியிலும் அளந்து, பென்சிலால் தேதியோடு துண்டின் மேலேயே எழுதி, கூரைக் கைமரத்துக்கு இடையில் செருகிக்கொண்டிருந்தார். தையில் எடுத்து அளக்க வேண்டும் என்றார்.

“அந்தப் பிள்ளைக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லும்” என்றார்.